பிளஸ் டூ பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வைப்பது எப்படி? (காரைக்குடி வட்டாரம்)

கோட்டையூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இந்த வருடம் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. வழக்கமாக நோட்டு, பேனா, சீருடை என்று கொடுத்து முடித்துவிடுவோம். இந்த முறை பிளஸ் டூ பிள்ளைகளை ஐஐடி, என்ஐடி, தில்லிப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களுக்கு விண்ணப்பிக்க வைக்கலாம் என்று ஒரு யோசனை.

போன மாதம் பள்ளிக்குப் போயிருந்தபோது, கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒரு பையனிடம் “அடுத்து என்னப்பா?” என்று கேட்டேன். “பக்கத்துல எங்க கிடைக்குதோ அங்க சார்” என்றான். யோசித்துவிட்டுச் சொன்ன பதில் மாதிரித் தெரியவில்லை. வேறு இடங்கள் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து பெரிய கூட்டமாக நடத்தலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். மண்டபம்கூடப் பார்த்தாயிற்று. பயன் இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதியியல் டீச்சர்

அண்ணே, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கப் பாருங்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பேச்சாளர்கள் வருவார்கள், அப்துல் கலாம் படம் போட்ட பதாகை கட்டுவார்கள், பிள்ளைகளும் நன்றாகக் கைதட்டுவார்கள். அதோடு சரி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம் பிள்ளைகளுக்கு ஆசையே குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆசையெல்லாம் நிறையவே இருக்கிறது. படிவம் நிரப்புகிற அன்றைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் தேதி. மத்திய அரசின் பொறியியல் நிறுவனங்களான ஐஐடி, என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் என்ற நுழைவுத்தேர்வு. அதன் முதல் சுற்றுக்கு அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம் வாங்குகிறார்கள். அதாவது காலாண்டுத் தேர்வு முடிந்து, வீடு தீபாவளி மும்முரத்தில் இருக்கும் நேரம். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வே டிசம்பரில் முடிந்துவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சியுஇடி விண்ணப்பத் தேதியும் பொதுத்தேர்வுப் பரபரப்பில் ஓடிவிடும். நம் ஊரில் கல்லூரிப் பேச்சு ஆரம்பிப்பதோ மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு. அப்போது மிச்சம் இருப்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வும் பக்கத்துக் கலைக் கல்லூரிகளும்தான். உங்கள் பையன் சொன்ன “பக்கத்துல எங்க கிடைக்குதோ” அங்கிருந்து வருகிறது.

அடுத்து பெயர். செட்டிநாட்டு இனிஷியல் ஒரு தனித் தலைவலி. ஒரு பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ‘ஏஎல்’, நடுவில் புள்ளியோடு. ஆதாரில் பெயருக்குப் பின்னால் வெறும் ‘ஏ’. வங்கிக் கணக்கில் அப்பாவின் முழுப்பெயர். கணினி இதை மூன்று ஆட்கள் என்று நினைக்கிறது. பதினோராம் வகுப்பிலேயே ஆதாரைத் திருத்தியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. கடைசி நாளுக்கு முந்தைய நாள் அவள் என்னிடம் வந்து அழுதாள்.

மூன்றாவது, பிரவுசிங் சென்டர். பிள்ளைக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. கடைக்காரரே ஒன்று உருவாக்கி, தன் செல்பேசி எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார். பிறகு ஹால் டிக்கெட் எடுக்க வேண்டுமானால் அவரைத் தேட வேண்டும். அவர் கடையை மாற்றிக்கொண்டு போயிருப்பார்.

உங்கள் சங்கப் பணத்தில் இரண்டு மடிக்கணினி வாங்கி, செப்டம்பரிலிருந்து சனிக்கிழமை தோறும் யாராவது பள்ளியில் வந்து உட்காருங்கள். பேச்சாளருக்குக் கொடுக்கும் பணத்தில் விண்ணப்பக் கட்டணம் கட்டலாம்.

கல்லல் இ-சேவை

டீச்சர், கடைக்காரர்கள் எல்லோரும் அப்படி இல்லை. 😀 பிள்ளை செல்பேசியே கொண்டுவராமல் வந்து நின்றால் நான் யாருடைய எண்ணைப் போடுவது? வீட்டில் இருக்கும் ஒரே செல்பேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். ஆனால் நீங்கள் சொல்வது நடக்கிறதுதான், மறுக்கவில்லை.

என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் பிள்ளைகளிடம் இருக்கும் சாதிச் சான்றிதழில் பிசி அல்லது எம்பிசி என்று இருக்கும். மத்திய நிறுவனங்களில் அதைக் காட்டினால் எடுபடாது. ஓபிசி நான்-கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்புக்குள் இருப்பவர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். சேர்க்கை சமயத்தில் அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைக் கேட்பார்கள். போன வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஜூனில் ஓடி வருகிறார்கள், அப்போது விஏஓ ஊரில் இருக்க மாட்டார். இன்னொன்று, மாநிலப் பட்டியலில் பிசியாக உள்ள எல்லாச் சாதியும் மத்திய ஓபிசி பட்டியலில் இல்லை. முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சான்றிதழுக்கு 8 லட்ச ரூபாய் வருமான வரம்பு என்றதும் இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு “எங்களுக்குக் கிடைக்காது” என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது.

ஓசி பிரிவில் வசதி இல்லாதவர்களுக்கு ஈடபிள்யூஎஸ் ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கிடையாது, மத்திய நிறுவனங்களில் உண்டு. ஆனால் அதில் சொத்து வரம்பும் இருக்கிறது. நகராட்சிப் பகுதியில் 100 சதுர கஜம், மற்ற இடங்களில் 200 சதுர கஜம் குடியிருப்பு மனை இருந்தால் போச்சு. நம் ஊர் வீடுகளில் முகப்பும் வளவும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். உள்ளே பத்துப் பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும், ஓடு மாற்றக் காசு இருக்காது. பூர்வீக வீட்டில் பங்கு உள்ளவர்கள் கடைசி நேரம் வரை வைத்திருக்காமல் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மகர்நோன்புப் பொட்டல்

எல்லாம் சரி. ஒரு அடிப்படைக் கேள்வி. பெரிய பல்கலைக்கழகம் என்றால் அது தில்லியிலும் பம்பாயிலும்தான் இருக்க வேண்டுமா?

1947ல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி ஆரம்பித்தது எதற்கு? நம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்காக ஊர் ஊராக அலையக் கூடாது என்றுதானே? 1952ல் பொறியியல் கல்லூரி வந்தது, 1985ல் பல்கலைக்கழகமே வந்தது. இப்போது நாமே பிள்ளைகளிடம் “இதெல்லாம் போதாது, வெளியே போ” என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

கோச்சிங் கொடுமையையும் பார்க்கிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பத்தாவது முடித்ததும் ஒரு தங்கும் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். (பெயர் வேண்டாம்.) நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது திருவிழாவுக்கு வந்தால்கூட யாரிடமும் பேசுவதில்லை. ஐஐடி போகாத பிள்ளையெல்லாம் வீணாகிவிட்டதா என்ன?

செக்ரி ஓய்வு

பொட்டல் சொன்னதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டுபோய் அடைப்பதை யாரும் இங்கே ஆதரிக்கவில்லை.

ஆனால் அழகப்பரைச் சாட்சிக்கு அழைத்தீர்களே, அவர் எங்கே படித்தார்? சென்னை மாநிலக் கல்லூரி. அப்புறம் பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தவருக்குத்தான் இங்கே என்ன இல்லை என்பது தெரிந்தது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்று சொல்லி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை (செக்ரி) இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். அந்தக் காலத்தில் 15 லட்சம் என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். நான் வேலை பார்த்த இடம் அது. காலையில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வாசலைத் தாண்டிப் போகும். அதில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உள்ளே பி.டெக் படிப்பு இருப்பது தெரியும்? வேதிப் பொறியியலும் மின்வேதிப் பொறியியலும் சேர்ந்த படிப்பு, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலேயே அந்த இடங்கள் வரும். மின்சார வண்டி, லித்தியம் பேட்டரி என்று உலகமே பேசுகிற துறை. காரைக்குடிப் பிள்ளை கலந்தாய்வில் அதைத் தாண்டிப் போய் எங்கோ ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறான். ஆகவே பொட்டல், பக்கத்தில் இருப்பதும் தெரியவில்லை, தூரத்தில் இருப்பதும் தெரியவில்லை. அதுதான் நிலைமை.

அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். டாக்டர், என்ஜினீயர் தவிர வழியே இல்லை என்று யாரோ இந்த ஊரில் எழுதிவைத்துவிட்டார்கள். ஐசர் என்று மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருப்பவை நமக்குப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடத்தில் முதுகலையோடு வெளியே வரலாம், நுழைவுத்தேர்வு தனி. கணக்கில் பைத்தியமாக இருக்கும் பிள்ளை என்றால் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரரே, உங்கள் பையனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர்கள் நுழைவுத்தேர்வின் பழைய வினாத்தாள்களை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். நம் பாடநூல் கணக்கு மாதிரி இருக்காது. ஒரே கணக்கோடு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

தேவகோட்டை அம்மா

இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ, முதல் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். ஜேஇஇ எழுதப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பா மறுப்பு சொல்லவில்லை, ஆனால் பிடி கொடுத்தும் பேசவில்லை. என் மாமியார், “பொட்டப்பிள்ளைய ரயிலேத்தி கண்காணாத ஊருக்கு அனுப்பிட்டு நீ இங்க தூங்கிருவியா?” என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. வருடம் 2 லட்சம் என்கிறார்கள், அதுவும் ஒரு மலைப்பு. தமிழ்வழியில் படித்தவள் வேறு. எழுதச் சொல்லவா, வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடவா? ஆசை காட்டி மோசம் செய்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

துவாக்குடி விடுதி

அம்மா, கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நான் புதுவயல். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். இப்போது திருச்சி என்ஐடியில் மூன்றாம் ஆண்டு. நானும் அரசுப் பள்ளி, தமிழ்வழி.

தூரத்தைப் பற்றி: என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான். இது எனக்கே ரேங்க் வந்த பிறகுதான் தெரியும். அதனால் ஜேஇஇ எழுதினால் கண்காணாத ஊருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் இருப்பேன்.

பணத்தைப் பற்றி: ஐஐடியிலும் என்ஐடியிலும் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. 1லிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. இதுபோக, ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து இந்த மாதிரி நிறுவனங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழக அரசே ஏற்றுக்கொள்ளும் என்று 2022ல் அறிவித்தார்கள். உங்கள் மகளுக்கு அது பொருந்தும். மாதம் 1000 ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நான் அதில்தான் செல்பேசிக்கும் நோட்டுக்கும் சமாளிக்கிறேன். தேர்வுக் கட்டணமும் பெண்பிள்ளைகளுக்குக் குறைவு.

மொழி: ஜேஇஇ மெயின் வினாத்தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். விண்ணப்பிக்கும்போதே தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு மட்டும் ஆங்கிலமும் இந்தியும்தான். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். வகுப்பில் ‘டார்க்’ என்று சொல்லிக்கொண்டே போவார், ‘திருப்புவிசை’ என்று எனக்குள் ஓடி முடிவதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பார். இடைத்தேர்வில் குறைந்த மதிப்பெண்தான். பக்கத்து அறை ஆந்திராப் பெண்ணுக்கும் அதே கதை. இரண்டாவது செமஸ்டரில் சரியாகிவிட்டது.

உங்கள் மாமியாரிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன். என் ஆயாவும் இதையேதான் கேட்டது. இப்போது பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் “எம்பேத்தி திருச்சியில” என்று ஆரம்பித்துவிடுகிறது.

வேதியியல் டீச்சர்

கண்ணு, இதை எங்கள் பள்ளியில் வந்து ஒருநாள் சொல்வாயா? மேடையெல்லாம் வேண்டாம். பதினோராம் வகுப்பில் பெண்பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தால் போதும்.

தேவகோட்டை அம்மாவுக்கு ஒரு சேர்ப்பு. ஜேஇஇயில் சரியாக வராவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண் போதும். அதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி இடம், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரி வரை அந்த வழியில் போகலாம். அதற்கான மதிப்பெண்ணுக்குப் படிப்பதும் ஜேஇஇக்குப் படிப்பதும் பெருமளவு ஒரே பாடம்தான். ஆகவே ஆசை காட்டி மோசம் என்ற பேச்சே வேண்டாம்.

சிங்கை ஆத்தங்குடியான்

வெளிநாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியபோது யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. 😉

அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி சில இடங்களில் வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் பண வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, குடும்பத்தால் கட்ட முடியாததை அவர்களே ஈடுகட்டுவார்கள். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கடைசி நாள், இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரு வருடத்தில் விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் அரசின் கட்டண மானியம் வாங்கினால் படித்து முடித்து மூன்று வருடம் இங்கே வேலை பார்க்க வேண்டும்.

நம் பள்ளிகளில் பெரிய முட்டுக்கட்டை ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம். என் உறவுக்காரப் பையனுக்குக் கேட்டபோது கிடைத்த கடிதத்தில் மொத்தம் இருந்தது: “இம்மாணவனின் நடத்தையும் ஒழுக்கமும் நன்று.” கீழே தலைமை ஆசிரியர் முத்திரை. ஆறு வருடம் அந்தப் பையனைப் பார்த்தவர்கள் அவர்கள். பழுதான ஆய்வகத் தராசை அவனே சரிசெய்து கொடுத்திருக்கிறான், அதை எழுதியிருக்கலாமே! எழுதுவது வழக்கமில்லை, அவ்வளவுதான்.

மகர்நோன்புப் பொட்டல்

சரி, சரி. எல்லோரும் சேர்ந்து அடிக்காதீர்கள். படிவம் நிரப்ப உதவுவதற்கு நான் எதிரி இல்லை.

ஆனால் கவனித்தீர்களா, இவ்வளவு நேரம் பேசியது முழுக்க முதல் குரூப் பிள்ளைகளைப் பற்றி. என் அண்ணன் மகள் வணிகவியல். கணக்குப்பதிவியல் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. செட்டிநாட்டில் கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வழி இல்லை என்றால் சிரிப்பார்கள். அவளுக்கு என்ன இருக்கிறது? சிஏ தவிரச் சொல்லுங்கள், அது எங்களுக்கே தெரியும்.

வேதியியல் டீச்சர்

நல்ல கேள்வி, நியாயமான குத்தும்கூட. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பி.காம் ஆனர்ஸ், பொருளாதாரம் ஆனர்ஸ் எல்லாம் சியுஇடி வழியாகத்தான். அதைத் தமிழில் எழுதலாம். பிளஸ் டூவில் படித்த பாடங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு கல்லூரிப் படிப்புக்கும் எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் எழுதிவிட்டு, மதிப்பெண் இருந்தும் தகுதி இல்லாமல் நிற்கிறார்கள். இந்தூர் ஐஐஎம்மில் பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்பு இருக்கிறது, கட்டணம் அதிகம். சட்டம் பிடிக்குமென்றால் கிளாட். நம் திருச்சியிலேயே தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள்.

சென்னை ஐஐடியின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பையும் சொல்லிவிடுங்கள். இணையவழி, ஜேஇஇ வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்று உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் வணிகவியல் பிள்ளையும் சேரலாம். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பொட்டலுக்குப் பிடித்த வழி. 😀

கோட்டையூர்க்காரன்

மண்டபத்தை ரத்து செய்தாயிற்று. முன்பணத்தில் பாதிதான் திரும்பியது, அது வேறு கதை. சங்கத்தில் இரண்டு பேருக்கு வருத்தம், மேடை இல்லையென்றால் பொன்னாடை யாருக்குப் போர்த்துவது என்று கேட்கிறார்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமையிலிருந்து பள்ளி கணினி அறை கிடைக்கிறது, காலை 10 மணிக்கு. தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். முதல் வேலை எல்லோருக்கும் சொந்த மின்னஞ்சல், பிறகு ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்ப்பது. செக்ரி சார் வருவதாகச் சொல்லியிருக்கிறார், சென்னைக் கணிதக் கழகத்தின் பழைய வினாத்தாளோடு. கல்லல் தம்பி, சான்றிதழ் வேலைக்கு நீங்கள் வர முடியுமா?

கல்லல் இ-சேவை

சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் அண்ணே, 2 மணிக்கு மேல் வருகிறேன். பிள்ளைகளிடம் ரேஷன் கார்டு, பெற்றோர் ஆதார், டிசி நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ கொண்டுவரச் சொல்லுங்கள். போட்டோவுக்குப் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், காது தெரிய வேண்டும். போன தடவை ஒருவன் கூலிங் கிளாஸோடு கொடுத்தான்.

தேவகோட்டை அம்மா

வேறு பள்ளிப் பிள்ளைகளும் வரலாமா? மகளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். மாமியாரும் வருவேன் என்கிறார், அந்தப் புதுவயல் பெண் அன்றைக்கு இருக்குமா என்று கேட்கச் சொன்னார்.

துவாக்குடி விடுதி

முதல் சனிக்கிழமை எனக்கு லேப் இருக்கிறது அம்மா. இரண்டாவது சனிக்கிழமை வருகிறேன், நிச்சயம்.